வயிற்றில் பிள்ளையோடு மின்சார ரயிலில்...

"ஏழாம் மாசம். இன்னும் ஸ்கூட்டர்லேதான் வர்றியாம்மா? ரோடு இருக்கிற லட்சணம் தெரியுமில்லே?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு நா எழவில்லை.

ஆவடியிலிருந்து எழும்பூருக்குச் செக்கப்புக்கு அவர் பின்னால் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தேன். சி.டி.எச். ரோட்டில் பாடி தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வீட்டுக்கு வந்து முகம் துடைத்தால் துண்டு கறுத்துப்போகும். முந்தின வாரம் ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்து, நல்லவேளையாக அவர் காலை ஊன்றி நிறுத்தினார். அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ரயில் என்றதும் மாமியார் பதறினார். "கூட்டத்திலே யாராவது வயித்திலே இடிச்சுட்டா?" அவருக்கு ரயில் என்றால் சின்ன வயசில் கண்ணில் விழுந்த கரித்தூள்தான் ஞாபகம். சென்ட்ரல்–திருவள்ளூர் பாதைக்கு மின்சாரம் வந்தது 1979இல்தானே! ஆனால் தடம் பழையது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணி ரயிலே இந்த வழியாகத்தான் போனது.

காலை எட்டிலிருந்து பத்து மணி வரையிலான நெரிசலை விட்டுவிட்டு, பதினொரு மணி வண்டிக்குக் கிளம்பினேன். மகளிர் பெட்டி. ஏறியதுமே பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இப்படி ஜன்னலோரமா உட்காரு கண்ணு" என்று நகர்ந்தார். திருமுல்லைவாயில் தாண்டினால் அம்பத்தூர். அங்கே ஒரு எல்லை கடக்கிறோம் தெரியுமோ? ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. அம்பத்தூர் 2011லிருந்து சென்னை மாநகராட்சியில். ஊர் விட்டு ஊர், மாவட்டம் விட்டு மாவட்டம்! பூக்காரம்மாவோ வில்லிவாக்கம் வருவதற்குள் நாலு முழம் கட்டி முடித்துவிட்டார்.

மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவுக்கு நடந்தேன். லிஃப்ட் இருக்கிறது. நகரும் படிதான் என்றால் முந்தானையையும் கொசுவத்தையும் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். ஒரே ஸ்டேஷன், எழும்பூர் வந்துவிட்டது. வேர்வை இல்லை, புகை இல்லை. நெல்லிக்காய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டதால் குமட்டலும் இல்லை. (அவசரத்தில் ஓடுகிற வண்டியில் மட்டும் ஏறாதீர்கள். அடுத்த வண்டி வரும். உங்கள் உடம்புக்குப் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று உங்கள் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.)

அன்று ராத்திரி அவரோடு ஒரு கணக்குப் போட்டேன். அவருக்கும் எழும்பூரில்தான் வேலை. போக வர சுமார் 45 கிலோமீட்டர், ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டரின் எடை சுமார் முக்கால் கிலோதான். ஆனால் எரியும்போது அதிலுள்ள கரி, காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயு ஆகிறது. மாதம் 25 நாளைக்கு 57 கிலோவுக்கு மேல்! நம் அடுப்படி சிலிண்டரில் இருக்கும் காஸ் 14.2 கிலோ. நாலு சிலிண்டர் காஸின் எடையை ஒரு ஆள் ரோட்டில் ஊதிவிட்டு வருகிறார்.

"உன் ரயில் மட்டும் தண்ணியிலேயா ஓடுது?" என்றார். நியாயமான கேள்வி. மின்சாரத்துக்கும் நிலக்கரி எரிகிறது. ஆனால் அந்தப் பாரத்தை ஒரு வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் பங்கு போட்டுக்கொள்கிறோமே! மெட்ரோ பிரேக் போடும்போது மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பவும் கிடைத்துவிடுகிறது.

ஜொகூர் பாருவில் இருக்கும் என் சித்தி மகள் சொல்வாள், அங்கே நாட்டு எல்லையையே தாண்டித் தினம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள் என்று. அவர்களுக்காக 4 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். நமக்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதைத் திட்டம் உண்டு. நகருக்குள் சுரங்கம், மேற்கே தூண்கள் மேல். 2025 மார்ச்சில் பூந்தமல்லி–முல்லைத் தோட்டம் இடையே சோதனை ஓட்டம் நடந்தது.

பெண் பிறந்து ஐந்து மாதமாகிறது. அவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டார். ஸ்கூட்டர் ஸ்டேஷன் ஸ்டாண்டோடு சரி. போன வாரம் தடுப்பூசிக்குக் கிளம்பும்போது மாமியாரும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அந்தப் பூமிக்கடியிலே ஓடுதே, அதை நானும் பார்க்கிறேன். பிள்ளையை என்கிட்டே குடு!"