ஒரே வீதியில் வரும் பிள்ளைகள் ஏன் வெவ்வேறு வாசல்களில் நுழைகிறார்கள்?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், கல்லடிப் பாலத்துக்குப் பிறகு கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். பத்துக் கிலோமீட்டருக்குள் தேவாலயமும் கோயிலும் பள்ளிவாயலும் மாறி மாறி வருகின்றன. காத்தான்குடிக் கடைகளில் புடவை எடுக்கத் தமிழ்ச் சகோதரர்கள் வருகிறார்கள். படுவான்கரையில் விளையும் நெல்லும் மரக்கறியும் நமது சமையலறைகளுக்கு வருகின்றன. பேசுவது ஒரே தமிழ். தாய்வழியில் குடி பார்ப்பதும், மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்து வைப்பதும் இரு சமூகங்களிலும் உள்ள வழக்கம்.

ஆனால் காலை ஏழு மணிக்கு இதே வீதியைப் பாருங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகிறார்கள். ஐந்து வயதில் பாடசாலைக்குள் நுழையும் நமது பிள்ளை, உயர்தரம் முடிக்கும்வரை அடுத்த ஊர்த் தமிழ்ப் பிள்ளையோடு ஒரு வாங்கில் அமர்வதில்லை. அந்தப் பிள்ளையின் நிலையும் இதுதான்.

இந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த ஆண்டையே தனது தொடக்கமாகக் கொண்டாடுகிறது. ஆங்கிலக் கல்வியோடு மதமாற்றமும் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் நம்மவர்கள் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. இந்துக்களிடமும் அதே அச்சம் இருந்தது. அதற்கு விடையாக எழுந்தவற்றில் ஒன்றுதான் சுவாமி விபுலானந்தர் 1929 இல் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயம். 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம்களின் கல்விக்காக அங்கு ஒரு சங்கத்தை உருவாக்கினார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியதும், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்ததும் அவர்தான். 1960, 61 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. ஆனாலும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பாகுபாடு நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விபுலானந்தர் படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும். அஸீஸ் படித்தது யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும். தமது சமூகத்துக்காகக் கல்விக்கூடம் கட்டிய இருவரும் அடுத்த சமூகத்தின் கூரையின் கீழ் படித்தவர்கள். அதனால் அவர்களது மார்க்கப் பற்று குறையவில்லை. அடுத்தவரை அறிந்திருந்ததால் அவர்களுக்கு அடுத்தவர் மீது அச்சமும் இருக்கவில்லை.

அந்த அறிமுகம் இல்லாமற்போன தலைமுறையின் மீதுதான் 1990 வந்து விழுந்தது. ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். செப்டம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களின் குற்றத்துக்கு அயலூர்க்காரர் பொறுப்பல்ல என்று பிள்ளைக்கு யார் சொல்வது? சொன்னாலும், அயலூர்ப் பிள்ளையைக் கண்டறியாத பிள்ளை அதை எப்படி நம்பும்?

இந்தக் கேள்விக்குச் செயலில் விடை தேடிய இடம் ஒன்று மட்டக்களப்பிலேயே இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996 இல், இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகன் அவர்களும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். அங்கே பாடத்திட்டமோ பரீட்சையோ இல்லை. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் அழைத்து வரப்பட்டார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் நடித்தார்கள். வழிநடத்தியவர்களிலும் இரு சமூகத்தவரும் இருந்தார்கள். யுத்தத்தின் வலியை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

அங்கே யாரும் ஒற்றுமை பற்றி உரை நிகழ்த்தவில்லை. ஒரே களிமண்ணில் இரண்டு பிள்ளைகள் கை வைத்தார்கள், அவ்வளவுதான். ஒருநாள் விழாவுக்கு அழைத்து மாலை போட்டு அனுப்பும் நமது ‘நல்லிணக்க’ நிகழ்ச்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காலம்தான். அதே பிள்ளைகள் மீண்டும் மீண்டும் சந்தித்தார்கள்.

2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர் இந்த வீதியில் மீண்டும் சந்தேகம் படிந்ததை நாம் அனைவரும் அனுபவித்தோம். கடைக்கு வந்தவர்கள் வரவில்லை. பல வருடம் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் முகம் கொடுக்கத் தயங்கினார்கள். வியாபாரத்தால் வந்த பழக்கம் ஒரு நாளில் அறுந்துபோகலாம் என்பதை அன்று கண்டோம். சிறு வயதில் ஒன்றாக விளையாடிய இருவருக்கிடையில் அது அவ்வளவு எளிதில் அறுவதில்லை.

முஸ்லிம் பாடசாலைகளைக் கலைக்க வேண்டும் என்று இங்கு சொல்லப்படவில்லை. நமது பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம்வரை சென்றதில் அவற்றின் பங்கு பெரியது. நோன்பு கால விடுமுறையும் மார்க்கச் சூழலும் நமது உரிமை. ஆனால் அந்த மதிலில் ஒரு கதவு திறக்கலாம். காத்தான்குடியில் ஒரு பாடசாலையும் ஆரையம்பதியிலோ நாவற்குடாவிலோ ஒரு பாடசாலையும் சோடி சேரட்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், அதே பிள்ளைகள், ஒரு வருடம் முழுவதும். சித்திரம், விளையாட்டு, விஞ்ஞானச் செயற்பாடு என எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே. ஆசிரியர்கள் இரு பக்கத்திலிருந்தும் வரட்டும். தொழுகை நேரமும் உணவும் முன்கூட்டியே பேசி முடிவாகட்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரண்டு அதிபர்களும், இரண்டு பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் போதும். பள்ளிவாயல் சம்மேளனமும் கோயில் நிருவாகமும் பெற்றோருக்குத் தைரியம் சொன்னால் வேலை இன்னும் இலகுவாகும். பஸ் செலவும் பெரிதல்ல. இரண்டு பாடசாலைகளும் ஒரே வீதியில்தானே இருக்கின்றன.