தேநீருக்கு முன் யாவரும் சமம்

நோர்வூட் மலைகளில் பறிக்கப்படும் கொழுந்து கறுப்புத் தேயிலையாகிறது. ஜப்பானியர் பெரிதும் விரும்புவதோ பச்சைத் தேயிலை. எனினும் தேநீரை அவர்கள் மதிக்கும் விதம் நமது கவனத்துக்குரியது.

16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ செம்மைப்படுத்திய தேநீர்ச் சடங்கில், குடிலின் வாயில் மிகச் சிறியது. பிரபுவாயினும் குனிந்தே நுழைய வேண்டும். போர்வீரன் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். விருந்தளிப்பவரே தம் கையால் தேநீர் தயாரித்து வழங்குவார்.

உணவுக்கு முன் ஜப்பானியர் கூறும் 'இதடக்கிமாஸ்' என்பதற்குப் பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். உண்டபின் கூறும் 'கொச்சிசோசமா', அவ்வுணவுக்காக ஓடியாடி உழைத்தவருக்கான நன்றி. முஸ்லிம்கள் 'பிஸ்மில்லாஹ்' கூறித் தொடங்கி 'அல்ஹம்துலில்லாஹ்' என முடிக்கின்றனர். வள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆகவே இப்பண்பு நமக்குப் புதிதன்று.

ஆயினும், 1867இல் லூல்கந்துரவில் வர்த்தகப் பயிராக வேரூன்றிய தேயிலையைத் தலைமுறைகளாகப் பறித்துவரும் மக்களுள் பலர் இன்னும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். கோப்பையை ஏந்தும் நாம் அக்கைகளை நினைப்பதில்லை. நன்றி சொல்லோடு நின்றுவிடக் கூடாது. நியாயமான ஊதியமும் சொந்தக் காணியும் வீடுமே இந்நாடு அவர்களுக்குச் செலுத்தவேண்டிய நன்றியாகும்.