ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

ஒரு சிறு கணக்கோடு தொடங்குகிறேன். வளர்ந்த ஒருவர் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். வெறும் வயிற்றில் இருக்கும்போது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 100 மில்லிகிராம். பெருக்கிப் பாருங்கள். உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் மொத்தம் 5 கிராம் சர்க்கரை. அதாவது ஒரு தேக்கரண்டி! அந்த ஒரு கரண்டி அரைக் கரண்டியாகக் குறைந்தால் அறிவு மயங்கும். இரண்டு மூன்று கரண்டியாகப் பெருகி ஆண்டுக்கணக்கில் நின்றால் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடும்.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கைக் கணையம் என்னும் உறுப்பு அல்லும் பகலும் பார்த்துக்கொள்கிறது. என் உடலில் அந்தக் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வேலையை இப்போது நான் பார்க்கிறேன். எப்படிப் பார்க்கிறேன், எங்கெங்கே தவறினேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

நோய் வந்த விதம்

என் ஊர் பூதிகோட்டை. கோலார் தங்கவயலுக்கு அண்மையில் உள்ள சிற்றூர். பூதி என்றால் சாம்பல். ஆகவே சாம்பற்கோட்டை என்று பெயருக்குப் பொருள் கூறுவர். ஹைதர் அலி பிறந்த ஊர் என்பது அதன் வரலாற்றுப் பெருமை. எங்கள் தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் எங்கள் குடும்பம் பூதிகோட்டைக்குக் குடிவந்தது.

எனக்குப் பதினாறு வயது. திடீரென்று தாகம், எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். இரவில் ஐந்து முறை எழுந்து வெளியே போவேன். நன்றாக உண்டும் உடல் மெலிந்தது. "வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் உறவினர்கள். ஆயா ஒருவர்தாம் ஐயப்பட்டார். நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அவர் பார்த்துவிட்டார். நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் இதே அடையாளத்தைக் கண்டுதான் இந்நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டார்கள். எழுத்தறியாத எங்கள் ஆயா அவர்கள் வழியிலேயே நோயைக் கண்டுகொண்டார்!

நீரிழிவில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. நாம் அதிகமாகக் காண்பது இரண்டாம் வகை. அதில் கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஆனால் உடல் அதன் சொல்லைச் சரியாகக் கேளாது. நாளடைவில் சுரப்பும் குறையும். உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவை அதற்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். என்னுடையது முதல் வகை. இதில் இன்சுலின் சுரக்கும் நுண்ணறைகளை உடலின் காவற்படையே அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் இரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் புகாது. வீட்டு வாசலில் நெல் மூட்டை குவிந்திருக்க, உள்ளே பட்டினி கிடப்பது போன்ற நிலை அது. இவ்வகைக்கு ஊசி மருந்தைத் தவிர வேறு வழி இல்லை. கசாயத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும்.

1922 ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டொரண்டோ நகரில், லியனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பட்டினி உணவு கொடுத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே மருத்துவமாக இருந்தது. அம்மருந்தைக் கண்டறிந்த பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளைத்தான் இன்று உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறோம். நமக்கு அது நேரு பிறந்த குழந்தைகள் நாள். எனக்கோ அது இரட்டைத் திருநாள்!

முள்ளும் மணியும்

ஊசி போடக் கற்றுக்கொள்வது எளிது. எவ்வளவு போடுவது என்பதே கடினம். உணவு சர்க்கரையை ஏற்றும். உழைப்பும் இன்சுலினும் இறக்கும். காய்ச்சலும் கவலையும் தூக்கக் குறைவும் ஏற்றும். தேர்வு நாளன்று ஒன்றும் உண்ணாமலே என் அளவு 200ஐத் தாண்டியதுண்டு. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன. தெரியாத ஒன்றை எப்படி ஆள்வது?

இதற்கு விடை சொன்னவர் என் தாத்தா. அவர் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் எந்திரத்தை ஓட்டியவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "கூண்டு கீழே போனதும் என் கண்ணுக்குத் தெரியாது, கண்ணு. எதிரே ஆழம் காட்டுகிற முள் இருக்கும்; கீழே இருந்து மணி அடிப்பார்கள். முள்ளைப் பார்ப்பேன், மணியைக் கேட்பேன். ஊகத்தில் ஓட்டினவன் அன்றைக்கே ஆள் கொன்றவன்."

என் முள், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவி. நம் ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சியிருப்பீர்கள். நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறமாகும். அக்காலத்து நோயாளிகள் சிறுநீரை அப்படித்தான் வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்தார்கள். ஆனால் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்திய செய்தி. குறைவை அது காட்டவே காட்டாது. விரல்துளிக் கருவியோ இந்த நொடியின் செய்தியைச் சொல்கிறது. உணவுக்கு முன் 80 முதல் 130. உண்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள். பொதுவான இலக்கு இது. அவரவருக்குரிய இலக்கை மருத்துவர் குறித்துக் கொடுப்பார்.

நான் செய்த பொய்க்கணக்கு

இனி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லவேண்டும். எண்களைக் குறிக்க எனக்கு ஒரு குறிப்பேடு கொடுத்திருந்தார்கள். நானோ பள்ளி மாணவன். எண் என்றாலே மதிப்பெண் என்று நினைப்பவன். 240 வந்தால் தோல்வியடைந்தது போல் கூசுவேன். ஆகவே பல நாட்கள் பார்க்காமலே விட்டேன். மருத்துவமனைக்குப் போகும் முதல்நாள் இரவு உட்கார்ந்து 118, 126, 131 என்று அழகழகான எண்களாக எழுதி நிரப்பினேன்.

மருத்துவர் அம்மையார் ஏட்டைப் பார்த்தார்; பிறகு ஆய்வுத்தாளைப் பார்த்தார். அதில் மூன்று மாதச் சராசரி இருந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. அந்நாட்களில் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அதை அளந்தால் கடந்த மாதங்களின் கதை தெரிந்துவிடும். என் அளவு 9 விழுக்காடு. அதாவது சராசரி 212! ஏடு 130 என்கிறது. இரத்தம் 212 என்கிறது.

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீ பரீட்சை எழுதவில்லை. எனக்குச் செய்தி எழுதுகிறாய். கெட்ட செய்தியை மறைத்தால் நான் எதை வைத்து மருந்து சொல்வேன்?" என்றார். தாத்தாவின் முள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. முள்ளின்மேல் கோபப்பட்டு யாராவது அதைத் துணி போட்டு மூடுவார்களா?

அன்று முதல் 240 வந்தால் "ஏன்?" என்று ஒரு சொல் பக்கத்தில் எழுதுகிறேன். விடைகள் வியப்பானவை. எங்கள் பக்கத்தில் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. சர்க்கரை நோய்க்குக் களி நல்லது என்று எல்லாரும் சொல்ல, நான் இரண்டு உருண்டை உண்பேன். ஏடு உண்மையைச் சொல்லிற்று. 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம் என்றால், கேழ்வரகிலும் ஏறத்தாழ 70 கிராம் உண்டு. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அளவில்லாமல் உண்ணலாம் என்பது பொய். இப்போது ஓர் உருண்டை. கூடவே நிறையக் கீரையும் பருப்பும். உண்டபின் இருபது நிமிட நடை. இவ்வளவே மாற்றம். எண் தானாக இறங்கிற்று.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளர் 1,441 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் திரைநோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தந்தது. நெருக்கமாகக் கட்டுப்படுத்தும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் அபாயமும் கூடுகிறது. அந்த அபாயத்தை நான் இரயிலில் சந்தித்தேன்.

இரயிலில் ஒரு காலை

முதலாண்டில் நான் நாள்தோறும் ஊரிலிருந்தே வந்துகொண்டிருந்தேன். விடியுமுன் பேருந்தில் பங்காரப்பேட்டை. அங்கிருந்து இரயிலில் பெங்களூர். சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் பிழைப்புக்குப் போய் வருகிறார்கள். நான் போட்டுக்கொண்ட இன்சுலின் அரைமணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தை அடையும் வகை. நிலையத்தில் இட்டலி உண்ணலாம் என்று வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டேன். அன்று பேருந்து தாமதம். ஓடிப்போய் இரயிலில் ஏறினேன். இட்டலி இல்லை, ஓட்டம் மட்டும் உண்டு.

மாலூர் வரும்போது கை நடுங்கிற்று. சட்டை வியர்வையில் நனைந்தது. எதிரில் இருந்தவர் ஏதோ கேட்டார். என் நாக்கு குழறிற்று. "காலையிலேயே குடித்திருக்கிறான்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் பையில் இருந்த மருத்துவச் சீட்டை எடுத்து நீட்டினேன். அதைப் படித்த இன்னொருவர், யாரோ கொடுத்த இனிப்பு ரொட்டியைத் தடுத்தார்: "ஐயோ, சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பா!" அவர் நல்லவர். ஆனால் அந்த நல்ல எண்ணம் என்னைக் கொன்றிருக்கும்.

கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா ஒருவர் எழுந்து வந்தார். "என் வீட்டுக்காரருக்கும் இப்படி வரும். இறங்கிப்போச்சு, தள்ளுங்க" என்று சொல்லி, தேநீர் விற்பவரிடம் மூன்று கரண்டிச் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கலக்கிப் புகட்டினார். கால்மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. அவர் பெயரைக் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் அறியவேண்டியது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடிப் பேர் என்று அது கூறிற்று. ஆகவே உங்கள் விடுதியிலோ வீட்டிலோ ஒருவர் இருப்பார் என்பது உறுதி. அவருக்காக இவற்றை நினைவில் வையுங்கள்.

நடுக்கம், வியர்வை, குழறல், காரணமில்லாத சினம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் மணியோசை. 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். பிறகு உணவு கொடுங்கள். கருவி கையில் இல்லையானால் காத்திராதீர்கள், கொடுத்துவிடுங்கள். சிறிது நேரம் சர்க்கரை ஏறுவதால் கேடில்லை. இறங்குவதால் உயிர்க்கேடு உண்டு. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108க்குச் சொல்லுங்கள்.

நான் இப்போது உணவு கண்முன் வந்தபிறகே ஊசியைத் தொடுகிறேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு பொட்டலம் இருக்கிறது. அதில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. மன்றக் கூட்டத்தில் என்றாவது நான் பேச்சுக் குழறினால், கைதட்டி உட்காரச் சொல்லிவிடாதீர்கள். இடப்பக்கப் பையைப் பாருங்கள்.