"உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை"

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நிறுவனம் எனது கடையில் கட்டணங்கள் அறவிடும் இயந்திரமொன்றைப் பொருத்தித் தந்தது. ஒரு மாத முடிவில் கணக்கில் 18,000 ரூபா குறைவாகக் காட்டியது. தொலைபேசியில் கேட்டேன். "வேறெந்தக் கடையிலிருந்தும் இப்படி முறைப்பாடு வரவில்லை. உங்கள் கெஷியரைக் கவனியுங்கள்" என்றார்கள். காசைக் கட்டினேன். கல்லாவில் இருந்த பொடியனையும் வேலையிலிருந்து நிறுத்தினேன். "முதலாளி, நான் எடுக்கல்ல" என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

மூன்று மாதம் சென்று ஒரு வலீமாவில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். பேச்சோடு பேச்சாக இந்தக் கதையைச் சொன்னேன். அங்கிருந்த இரண்டு வியாபாரிகளுக்கும் அதே மாதத்தில் அதே மாதிரிக் குறைவு. அவர்களுக்கும் அதே பதில். மூவரும் ஒன்றாகப் போய்க் கேட்ட பிறகு பணம் எமது கணக்குகளுக்கு வந்து சேர்ந்தது. என்ன நடந்தது என்று ஒரு வரி விளக்கம் கூடத் தரவில்லை.

எமக்கு மூன்று மாதத்தில் தீர்ந்தது. பிரித்தானியாவில் இதே கதை இருபது வருடங்கள் நீடித்தது. வியாபாரிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

அங்கு உப தபாலகங்களைப் பெரும்பாலும் நடத்துவோர் எம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்தான். ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் தபால் கவுண்டர். தெற்காசிய வம்சாவளியினரும் அவர்களில் பலர். 1999ஆம் ஆண்டளவில், அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம் 'ஹொரைசன்' என்ற கணனிக் கணக்கு முறையை இக்கடைகளில் புகுத்தியது. அதை நடத்தியது புஜிட்சு நிறுவனம். விரைவிலேயே பல கடைகளில் காரணமில்லாமல் கணக்குக் குறையத் தொடங்கியது. ஒப்பந்தப்படி குறைவைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்றது தபால் நிறுவனம். கணக்கு சரியென்று ஒப்பமிடாவிட்டால் கவுண்டரைத் தொடர்ந்து நடத்த முடியாது. ஒப்பமிட்டாலோ பொய்க்கணக்குக் காட்டிய குற்றம்!

உதவிக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் பலருக்குக் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்பதே. அதை நம்பிச் சிலர் வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். சிலர் தமது ஊழியர்களையே சந்தேகித்தார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவற்றில் பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது தபால் நிறுவனமேதான். விசாரித்தவரும் அவரே, வழக்குத் தொடுத்தவரும் அவரே, பணத்தை அறவிட்டவரும் அவரே. சீமா மிஸ்ரா என்ற பெண் 2010இல் கர்ப்பிணியாக இருந்த நிலையிலேயே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

நிறுவனத்துக்கு உண்மை தெரியாதா? 2010இல் மென்பொருள் பிழையொன்றால் ஏறத்தாழ 40 கிளைகள் பாதிக்கப்பட்டிருப்பது பற்றி இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் கூடிப் பேசியிருக்கிறார்கள். இது வெளியே தெரிந்தால் நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளும் பாதிக்கப்படலாம் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2013இல் நிறுவனத்தின் சட்டத்தரணியே, புஜிட்சுவின் நிபுணர் சாட்சி தனக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றத்தில் சொல்லவில்லை என்று எழுத்தில் எச்சரித்தார். அந்தக் கடிதம் 2020 வரை பாதிக்கப்பட்டவர்களின் கைக்கு வரவில்லை. கடைக்காரருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து கணக்கை மாற்ற முடியாது என்று பல வருடங்கள் சாதித்தார்கள். அதுவும் பொய்யென்று பின்னர் தெரியவந்தது.

இத்தனையையும் மூடி வைக்க உதவியது எது? பணமும் சட்டத்தரணிகளும் மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அறியாதிருந்ததுதான் பெரிய திரை. வெட்கத்தால் வாய் திறக்காத வியாபாரியே அந்தத் திரைக்குக் காவலாக இருந்துவிடுகிறார்.

அலன் பேட்ஸ் என்ற கடைக்காரர் குறைவைத் தன் பொறுப்பாக ஏற்க மறுத்து வந்தார். 2003இல் அவரது ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் தனது பத்திரங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களைத் தேடினார். 2009 மே மாதத்தில் ஒரு கணனிச் சஞ்சிகை சிலரது கதைகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பென்னி கொம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் முதல் தடவையாக ஒன்றுகூடினார்கள். தான் மட்டுமல்ல என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் 57.75 மில்லியன் பவுண் தர நிறுவனம் இணங்கியது. அதன் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போக, ஒருவருக்கு ஏறத்தாழ 20,000 பவுண்தான் மிஞ்சியது. 2021இல் 39 பேரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. 2024இல் தொலைக்காட்சி நாடகமொன்று நாட்டையே உலுக்கிய பிறகு, ஏனையோரில் பலரின் தண்டனைகளைப் பாராளுமன்றம் சட்டமியற்றி நீக்கியது. இதனால் குறைந்தது 13 பேர் தமது உயிரை மாய்த்திருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வெளியான பகிரங்க விசாரணை அறிக்கை. அவர்களுக்கு எந்தச் சட்டம் என்ன கொடுக்க முடியும்?

வியாபாரச் சகோதரர்களுக்கு நான் சொல்வது மூன்று விடயங்கள். இயந்திரம் என்ன காட்டினாலும் உங்கள் கையால் எழுதிய ஒரு நாட்கணக்குப் புத்தகம் இருக்கட்டும். முறைப்பாட்டைத் தொலைபேசியோடு நிறுத்தாமல் கடிதமாக அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு மட்டும்தான்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள்.

எனது கடைப் பொடியனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டாருக்குப் போய்விட்டதாக அவனுடைய உம்மா சொன்னார். வாசலில் நின்றபடியே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஊரில் அவன் பட்ட பேச்சு உங்களுக்குத் தெரியாது ஹாஜியார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த 18,000 திரும்பி வந்தது. அவனுக்கு நான் எடுத்த பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, அடுத்த முறை கணக்குக் குறைந்தால் பொடியன்மாரைச் சந்தேகிக்க முன்னர் கணக்கைக் கொடுத்தவரிடம் கேள்வி கேளுங்கள்.