மேட்டூர் அணையில் நாங்கள் கண்டவை

மேட்டூர் என்றதும் தஞ்சைப் பகுதி உழவருக்கு ஜூன் 12ஆம் நாள் நினைவுக்கு வரும். ஈரோட்டு நெசவாளருக்கு மின்சாரம் நினைவுக்கு வரும். இவ்விரண்டும் ஒரே நீரின் வேலை என்று ஏட்டில் படித்திருக்கிறோம். அதனை நேரில் காணும் பொருட்டு, நெசவாளரும் விவசாயிகளுமாக நம் அங்கத்தினர் சிலர் முன்கூட்டி எழுதி அனுமதி பெற்று அண்மையில் அங்குச் சென்று வந்தனர். உடன் சென்றவன் என்ற முறையில், கண்டதையும் கேட்டதையும் இங்கு எழுதுகிறேன்.

அணையின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை அரசாங்கத்துக்கும் 1924இல் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய வேலை 1934இல் நிறைவெய்தியது. அந்நாளைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. 5,300 அடி நீளமும் 214 அடி உயரமும் உள்ள இச்சுவர், தன் எடை ஒன்றினாலேயே அத்தனை நீரையும் தாங்கி நிற்கிறது. மேலே நின்று ஒரு பக்கம் கடல்போன்ற நீர்ப்பரப்பையும், மறுபக்கம் பள்ளத்தில் மெலிந்து ஓடும் ஆற்றையும் ஒருசேரப் பார்க்கையில் பேச்சு எழவில்லை.

எங்களை அழைத்துச் சென்ற இளம் பொறியாளர் பொறுமைசாலி. மின் நிலையத்துக்குப் படியிறங்கும்போதே தரை அதிர்வது காலில் தெரிந்தது. தறிக்கூடத்து ஓசையில் வளர்ந்த நம் நெசவாளர்களும் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துத்தான் பேச நேர்ந்தது. உயரத்திலிருந்து பெருங்குழாய் வழியே இறங்கும் நீர் சக்கரத்தின் இதழ்களைத் தாக்குகிறது. சக்கரத்தோடு இணைந்த அச்சு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. இங்கு முதல் யந்திரம் 1937இல் ஓடத் தொடங்கிற்று. இன்று அணை மின் நிலையத்தின் நான்கு யந்திரங்கள் சேர்ந்து 50 மெகாவாட் தரவல்லவை. 1965-66இல் அமைந்த சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட் தரவல்லது. நீரின் வேலை அத்துடன் முடிவதில்லை. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய கதவணைகளிலும் அதே நீர் மறுபடி தேக்கப்பட்டு, ஒவ்வோரிடத்திலும் 30 மெகாவாட் வரை தந்துவிட்டே போகிறது.

எங்களுள் மூத்தவரான விவசாயி ஒருவர் நெடுநாள் மனத்திலிருந்த ஐயத்தை இங்கே கேட்டுவிட்டார்: "தம்பி, கரண்டை எடுத்துக்கொண்ட பிறகு தண்ணீரில் சத்துக் குறைந்துவிடாதா?" சிலர் சிரித்தனர்; பொறியாளர் சிரிக்கவில்லை. "ஐயா, நாங்கள் எடுப்பது நீர் விழுகின்ற வேகத்தை மட்டுமே. சக்கரம் இல்லாவிடினும் அவ்வேகம் பாறையில் மோதி வீணாகத்தான் போகும். வந்த நீரில் ஒரு சொட்டும் குறையாமல் உங்கள் வயலுக்கு வருகிறது" என்றார். பெரியவருக்கு அது முழுத் திருப்தி அளித்ததாகத் தெரிந்தது.

நெசவாளருக்குப் புதிதாக இருந்தது அடுத்த செய்தி. இந்நிலையங்களை நினைத்தபோதெல்லாம் முழு வேகத்தில் ஓட்ட இயலாது. பாசனத்துக்கு நீர் விடும்போதுதான் சக்கரங்கள் நன்கு சுழலும். நாற்றங்கால் தண்ணீர் கேட்டால் மின்சாரம் பிறக்கும். குடிநீருக்கு மட்டும் சிறிதளவு நீர் விடும் மாதங்களில் பெரும்பாலான யந்திரங்கள் ஓய்ந்திருக்கும். அன்றியும், அதே அளவு நீர் பாதி உயரத்திலிருந்து விழுந்தால் பாதி மின்சாரமே கிட்டும். ஆகவே அணை வற்றினால் உழவரோடு மின் நிலையமும் நலிவடைகிறது.

இங்கு ஒரு கணக்கு. 120 அடி நிரம்பிய அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் விட்டால் ஒரு டி.எம்.சி. தீரும். எனவே நீர்வரத்து இல்லையெனில், நிரம்பிய அணையும் அந்த வீதத்தில் 93 நாளுக்கே வரும். குறுவை ஒன்றுக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும்; சம்பாவைச் சொல்லவேண்டியதில்லை. 2024இல் ஜூன் 12 அன்று திறக்க இயலவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த நீர்மட்டம், மேற்கே மழை பெய்ததும் அம்மாத இறுதிக்குள் 120 அடியை எட்டிற்று. ஜூலை 28இல் அணை திறக்கப்பட்டது. 2025இல் உரிய நாளிலேயே திறந்தனர். இக்கணக்கை அறிந்த உழவர், அணை நிரம்பிற்று என்ற செய்தி கேட்டவுடனே வாய்க்காலை மறந்து உறங்கமாட்டார்.

நீர்த்தேக்கத்தின் அடியில் ஊர்கள் கிடக்கின்றன என்பதும் நினைக்கத்தக்கது. நீர் குறையும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நாங்கள் சென்றபோது நீர் மிகுந்திருந்தமையால் காணக் கிடைக்கவில்லை. நமது விளைச்சலுக்காகத் தம் நிலத்தையும் கோயிலையும் விட்டு வெளியேறியோர் எங்கெங்கோ குடியேறினர்; அவர்களுக்கு அணைக்கரையில் ஒரு பெயர்ப்பலகையேனும் நன்கு தெரியும்படி வைத்தால் தகும் என்பது எனது கருத்து.

திரும்பும் வழியில் பவானியை நெருங்கியபோது பேருந்தில் ஒரு வாக்குவாதம் மூண்டது. மேட்டூரில் சொட்டுக் குறையாமல் வெளிவரும் நீரில், பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் வரும்போது சாயக் கழிவு கலப்பது எவ்வாறு நியாயம் என்று விவசாயிகள் கேட்டனர். சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சிறு சாயப்பட்டறைக்கு முதல் ஏது என்றனர் நெசவாளர். தனித்தனியே இயலாததைப் பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையமாக அமைத்தல் கூடும் என்று ஒருவர் சொன்னதும் பேச்சுச் சூடு தணிந்தது. இது நமது அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளவேண்டிய விஷயம். இரு தரப்பாரும் பெயர் கொடுத்துள்ளனர்.

செல்ல விரும்பும் சங்கத்தார் பாசனத்துக்கு நீர் திறந்தபின் செல்வது நலம். சக்கரங்கள் சுழல்வதைக் காணலாம். வெள்ளம் மிகுந்த நாளில் உபரி நீர் பதினாறு கண் மதகு வழியே பாயும் காட்சி தனிச்சிறப்புடையது. ஆனால் அந்நாளில் ஆற்றில் இறங்கலாகாது. பூங்காவின் அருகே பொரித்த மீன் சூடாகக் கிடைக்கும். மரக்கறி உண்போர் கட்டுச்சோறு கொண்டு செல்க.