‘மக்கும் பை’ கோட்டக்குப்பத்தில் மக்குமா? தெரியுமா உங்களுக்கு?

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே நாலு எட்டு வைத்தால் புதுச்சேரி. 2019இல் அந்த நாலு எட்டுக்குள் ஒரு கேரி பேக்கின் தலையெழுத்தே மாறியது, தெரியுமா? தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை ஜனவரி 1 முதல்! புதுச்சேரியில் ஆகஸ்ட் 1 முதல்! ஏழு மாதம், கோட்டக்குப்பத்தில் கூடாத பை புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் சாதாரணப் பை!

தமிழ்நாட்டில் தடையான பொருள்கள் 14. அதிலும் தப்பித்த ஒரு பை உண்டு! ‘உரமாக மக்கும்’ என்று முத்திரை குத்தி, ஐஎஸ்ஓ 17088 தரச் சோதனையில் தேறிய பை. சரி, அந்தச் சோதனை எத்தனை டிகிரியில் நடக்கிறது? சுமார் 58 டிகிரி செல்சியஸ்! ஈரமான உரக்குவியலில், நுண்ணுயிர்கள் கும்மாளமிடும் சூட்டில், 180 நாளுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 41 டிகிரி அடித்தாலே நாம் ‘அய்யோ அம்மா’ என்கிறோம்!

மத்தியான மணல் காலைச் சுடுகிறதே, அந்தச் சூடு போதாதா என்கிறீர்களா? சூடு இருக்கலாம். ஈரம் எங்கே? சூடு, ஈரம், நுண்ணுயிர் மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வரணும்!

தயிரைப் புளிக்க வைப்பது எது? லாக்டிக் அமிலம். அதையே சங்கிலி சங்கிலியாகக் கோத்தால்? ‘மக்கும்’ பிளாஸ்டிக்! பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பிஎல்ஏ. ஐஸ்கிரீம் கப், ஜூஸ் டம்ளர் எல்லாம் இதில் வருகின்றன. தயிர் இரண்டு நாளில் கெட்டுப்போகும், இது கெட மறுக்கிறது!

எவ்வளவு மறுக்கிறது? கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்தார் பிஎல்ஏ துணியைக் கடலில் தொங்கவிட்டார்கள். 428 நாள் கழித்தும் மக்கிய அறிகுறியே இல்லை! பக்கத்தில் தொங்கிய மரநார்த் துணிகள்? சுமார் ஒரு மாதத்தில் காணோம்! 2023இல் வெளியான ஆய்வு இது. நம் வங்கக்கடல் அதைவிட வெதுவெதுப்புதான், ஆனாலும் 30 டிகிரி எங்கே, 58 எங்கே?

இன்னொரு அதிசயம்! இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஐந்து வகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள், கடலில் மூழ்கடித்தார்கள், வெயிலில் தொங்கவிட்டார்கள். மூன்று வருஷம் மண்ணிலும் கடலிலும் கிடந்தபின், ‘மக்கும்’ என்று பெயர் போட்ட ஒரு பையில் கடைச் சாமான் போட்டுத் தூக்கினார்கள். இரண்டேகால் கிலோ! பை கிழியவில்லை! உரமாகும் என்ற பையோ கடலில் மூன்றே மாதத்தில் மாயம். அதே பை மண்ணில்? 27 மாதம் கழித்தும் கிடந்தது, எடை தாங்கத்தான் தெம்பில்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு: பை ஒன்றே, போட்ட இடம் மாறினால் ஆயுளே மாறுகிறது!

பிளாஸ்டிக்கில் ‘மசாலா’ சேர்ப்பார்கள், தெரியுமா? ஒரு சிட்டிகை போதும், கதை மாறிவிடும்!

சேலத்தில் ஜவ்வரிசியாகும் அதே மரவள்ளி மாவைக் கலந்தால், நுண்ணுயிர்கள் முதலில் மாவைத் தின்னும். ஓட்டை விழும். ஓட்டை வழியே தண்ணீர் நுழையும்! பிஎல்ஏ உடையும்போது அமிலம் கசியும், அந்த அமிலமே அதை மேலும் உடைக்கும். சுண்ணாம்புத் தூள் கலந்தால் அமிலம் அடங்கி, வேகம் குறையலாம். பாலித்தீனில் கரித்தூள் கலந்து கறுப்பாக்கினால்? வெயிலே அண்டாது, ஆயுள் கெட்டி!

கோபால்ட், மாங்கனீசு உப்பு கலந்த ‘ஆக்சோ’ பை இன்னும் வேடிக்கை. வெயில் பட்டால் பொடிப்பொடியாக நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாமல் போவதும் மக்குவதும் ஒன்றா? இல்லை என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் அதற்குத் தடை போட்டது!

நம் மீனவர்கள் நொறுங்க வைப்பதற்கு நேர் எதிரான வித்தையைச் செய்தவர்கள்! நைலான் வருமுன் வலை எல்லாம் பருத்தி, சணல். உப்புத் தண்ணீரில் மக்கிவிடாமல் இருக்க, மரப்பட்டையைக் கொதிக்க வைத்த சாயத்தில் ஊறப்போடுவார்கள். பட்டையின் துவர்ப்புதான் காவல்!

பாக்டீரியாவுக்கும் தொப்பை உண்டு, தெரியுமா? தீனி மிஞ்சினால் நாம் கொழுப்பாகச் சேர்ப்பதுபோல், சில பாக்டீரியாக்கள் பிளாஸ்டிக்காகவே சேர்த்து வைக்கும்! பெயர் பிஎச்பி. பிரெஞ்சுக்காரர் மாரிஸ் லெமுவான் 1926இல் கண்டுபிடித்தது. இது கடலிலும் மக்கும்!

கடைசியாக ஒன்று. 2010இல் அமெரிக்காவில் சன்சிப்ஸ் நொறுக்குத்தீனி பிஎல்ஏ பையில் வந்தது. பையைத் தொட்டால் போதும், சலசல சத்தம்! ஒருவர் அளந்து பார்த்தார்: 95 டெசிபல்! ஜனங்கள் திட்டித் தீர்க்க, அந்த வருஷமே பெரும்பாலான வகைகளில் பழைய பையே திரும்பியது. ஏன் அவ்வளவு சத்தம்? பிஎல்ஏ சாதாரண வெப்பத்தில் கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும். இளகுவது எப்போது தெரியுமா? கிட்டத்தட்ட 60 டிகிரியில்!