உளவியல் பட்டம்: ஹானர்ஸ் வாசல் வரைக்கும் ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவில் உளவியலாளராகப் பதிவு பெற நினைக்கும் மாணவர் இளங்கலையில் படிக்க வேண்டிய உளவியல் பாடங்கள், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், 10 யூனிட் அளவில் இருக்கும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 24 யூனிட். மீதி 14 யூனிட்டை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் முதல் பெரிய செலவு இருக்கிறது. ஒருவர் அதை முழுக்க அறிவியல் பாடங்களால் நிரப்புகிறார், இன்னொருவர் சமூகவியல், வரலாறு, ஊடகவியல் என்று நிரப்புகிறார். உளவியல் வகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் மூன்றாண்டு முடிவில் இருவர் கணக்குக்கும் இடையே 13,436 டாலர் வித்தியாசம் விழுந்திருக்கும்.

இது எப்படி வருகிறது? 2021 முதல் அரசு மானிய இடங்களில் மாணவர் கட்டும் பங்கு நான்கு பேண்டுகளாகப் பிரிந்தது. 2025 விகிதப்படி (கீழே வரும் கட்டணக் கணக்குகளும் அதே விகிதத்தில்தான்) ஒரு முழு ஆண்டுக்கு, அதாவது 8 யூனிட்டுக்கு:

பேண்ட் 1 (ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், பிறமொழிகள்): 4,627 டாலர்
பேண்ட் 2 (அறிவியல், கணினி, பதிவுக்கான பாதையில் உள்ள உளவியல்): 9,314 டாலர்
பேண்ட் 3 (மருத்துவம் முதலியன): 13,241 டாலர்
பேண்ட் 4 (சட்டம், வணிகம், சமூகவியல், வரலாறு): 16,992 டாலர்

யூனிட் ஒன்றுக்கு என்று வகுத்தால் பேண்ட் 2-ல் 1,164.25, பேண்ட் 4-ல் 2,124. ஒரு யூனிட்டுக்கு 959.75 வித்தியாசம், 14 யூனிட்டுக்குப் பெருக்கினால் மேலே சொன்ன தொகை வந்துவிடும். 2020 ஜூனில் அரசு இந்தத் திட்டத்தை முதலில் அறிவித்தபோது உளவியலும் உயர்ந்த பேண்டில்தான் இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு, பதிவுக்கு இட்டுச்செல்லும் உளவியலையும் சமூகப்பணியையும் மட்டும் இறக்கினார்கள். ஆகவே உளவியலை அந்தப் பாதைக்கு வெளியே விருப்பப்பாடமாக எடுப்பவருக்குப் பேண்ட் 4 கட்டணம் விழ வாய்ப்புண்டு. சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் பட்டத்தின் பெயருக்கு அல்ல, யூனிட்டுக்குத்தான் என்பது நம் வீடுகளில் பலருக்கும் தெரிவதில்லை. பி.ஏ. சேர்ந்த பிள்ளையும் விருப்பப்பாடங்களில் மொழியோ புள்ளியியலோ எடுத்தால் யூனிட்டுக்கு 578 டாலரோடு முடிகிறது. அதற்காக, வரலாறு என்றால் உயிரை விடும் பிள்ளையை வேதியியலுக்குள் தள்ளுவது கொடுமை. 4 யூனிட் வரலாறு படித்தால் கூடுதலாக ஆவது 3,839 டாலர். ஆசைப்பட்டுப் படிக்கும் பாடத்துக்கு அது கொடுக்கத் தகுந்த பணம். எந்த ஆசையும் இல்லாமல், கால அட்டவணைக்கு வசதி என்று எடுத்த 14 பாடங்களுக்கு 13,436 டாலர் கொடுப்பதுதான் மனதை உறுத்துகிறது.

இன்னொரு தகவல் புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மிக முக்கியம். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்றவருக்கு அரசு மானிய இடம் உண்டு. ஆனால், மனிதாபிமான விசாவில் வந்தவர்கள் போன்ற சிலரைத் தவிர, கட்டணத்துக்கு அரசு தரும் ஹெக்ஸ் கடன் கிடையாது. செமஸ்டருக்கு 4 யூனிட் என்றால் 4,657 டாலரைச் சென்சஸ் தேதிக்கு (பாடத்தைக் கட்டணமின்றி விடுவதற்கான கடைசி நாள்) முன் கையில் வைத்துக் கட்ட வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் வீட்டில், அது வரும் செமஸ்டர் எது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய சான்று ஒன்றே ஒன்று: ஆஸ்திரேலிய உளவியல் அங்கீகாரக் குழுவான ஏபாக்கின் பட்டியலில் அந்தப் பாடத்திட்டம் இருக்கிறதா? தலைப்பில் ‘உளவியல்’ என்று இருந்தாலும் பட்டியலில் இல்லாத படிப்பு ஹானர்ஸ் எனப்படும் நான்காம் ஆண்டுக்கு இட்டுச்செல்லாது. ‘நடத்தை அறிவியல்’ என்ற பெயரோடு அங்கீகாரம் பெற்ற படிப்பும் இருக்கலாம்.

இனி ஹானர்ஸ். மூன்று ஆண்டுகளில் யாரும் உளவியலாளர் ஆவதில்லை. நான்காம் ஆண்டுதான் அடுத்த எல்லாவற்றுக்கும் சாவி. இதற்கு இரண்டு வழி. பள்ளி முடித்ததும் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்தில் நேரடியாகச் சேர்வது ஒன்று. அதற்குக் கேட்கும் ஏட்டார் (பள்ளி இறுதித் தரவரிசை) உயரமாக இருக்கும், உள்ளே போன பிறகும் சராசரியை இறங்க விடக்கூடாது. மூன்றாண்டுப் பட்டம் முடித்து, மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிப்பது இன்னொன்று. ஏட்டார் குறைந்துவிட்டதென்று வீட்டில் இழவு விழுந்ததுபோல் உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். மூன்றாண்டு கழித்து ஹானர்ஸ் தேர்வுக்குழு பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, பல்கலைக்கழக மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது.

எந்த மதிப்பெண்? இதை முதலாண்டிலேயே விசாரிக்க வேண்டும். பல இடங்களில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு உளவியல் யூனிட்டுகளின் சராசரியைத்தான் எடுப்பார்கள். குறைந்தபட்சத் தகுதியாக 65, 70 என்று எழுதியிருக்கும். அது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டும். போட்டி இருக்கும் ஆண்டில் உண்மையான கோடு அதற்கு மேலே விழும்.

75 சராசரி வேண்டும், கணக்கில் வருவது 8 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மதிப்பெண் தேவை. மாணவர்களை மிகவும் படுத்துவது ஆய்வு முறைகளும் புள்ளியியலும். மனித மனத்தைப் படிக்க வந்தேன், எனக்கு ஏன் இந்த மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று இரண்டாம் ஆண்டில் கேட்காத பிள்ளை குறைவு. அந்த ஒரு யூனிட்டில் 62 வாங்கினால் மீதி ஏழிலும் 538 எடுக்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றிலும் 76.9. எட்டிவிடலாம். இரண்டு யூனிட்டில் 62 என்றால் மீதி ஆறில் 476; சராசரி 79.3. எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பைத் தொட்டுக்கொண்டே நிற்க வேண்டிய நிலை. இதனால்தான் புள்ளியியலுக்குத் தனி வகுப்பு வைக்கக் காசு இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே செலவழியுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் வைத்தால் மதிப்பெண் ஏற்கெனவே ஏட்டில் ஏறியிருக்கும்.

உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு துக்கம், வேலை நேரம் கூடிவிட்டது என்ற செமஸ்டரில் சென்சஸ் தேதிதான் கைகொடுக்கும். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் மார்ச் 31, இரண்டாவதில் ஆகஸ்ட் 31. அதற்குள் யூனிட்டை விட்டுவிட்டால் கட்டணமும் இல்லை, குறைந்த மதிப்பெண்ணும் இல்லை. ஏப்ரலில் விட்டால் பெரும்பாலும் 1,164 டாலர் போனது போனதுதான்.

மதிப்பெண் போதுமென்றாலும், ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர் இல்லாமல் ஹானர்ஸ் இடம் இல்லை. ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் சில மாணவர்களைத்தான் எடுக்க முடியும். இடங்களின் எண்ணிக்கை குறுகுவதற்கு இதுவே பெரிய காரணம். மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே யார் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று படித்து, நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும். உள்ளே போனபின் ஏறத்தாழ ஒன்பது மாதம்: ஆய்வுக் கேள்வி, அறநெறிக் குழுவின் அனுமதி, தரவு சேகரிப்பு, எழுத்து. முடிவில் முதல் வகுப்புக்கு மெல்போர்னிலும் சிட்னிப் பல்கலையிலும் 80 வேண்டும், நியூ சவுத் வேல்ஸ் பல்கலையில் 85. அடுத்த படியான மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸுக்கு முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவோ இல்லாமல் விண்ணப்பம் பெரும்பாலும் நகராது.

நான்கு ஆண்டும் பேண்ட் 2 என்று எடுத்துக்கொண்டால் 2025 விகிதத்தில் 37,256 டாலர் ஆகிறது. இதுவே பேண்ட் 4 விருப்பப்பாடங்களோடு சென்றிருந்தால் 50,692. ஹெக்ஸ் கடனில் 20 விழுக்காடு தள்ளுபடி என்ற செய்தியை நம்பிப் பலர் கணக்குப் போடுகிறார்கள். அது 2025 ஜூன் 1 அன்று இருந்த கடனுக்குத்தான். அதற்குப் பிறகு ஏறும் கடனுக்கு இல்லை. திருப்பிச் செலுத்துவது, 2025-26 விதிப்படி, ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டிய பிறகு, முதல் படியில் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட். 80,000 சம்பளம் என்றால் 1,950 டாலர் பிடிப்பார்கள். அதே வேளையில் ஜூன் 1-ல் விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் குறைவானதை ஒட்டிக் கடன் ஏறும். 2025-ல் அது 3.2 விழுக்காடு. 37,256-க்கு 1,192 டாலர். ஆக அந்த ஆண்டு கடன் உண்மையில் குறைவது 758 டாலர்தான்.

ஹானர்ஸுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கிறது. நாலாண்டு படித்துவிட்டு இரண்டாண்டு மேற்பார்வையில் வேலை பார்த்தால் போதும் என்று ஊரில் அண்ணன்மார் சொல்வார்கள். அந்த வழி 2022 ஜூன் 30-ஓடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. இப்போது ஐந்தாம் ஆண்டு மாஸ்டர்ஸும் ஓராண்டு பயிற்சிப் பணியும், அல்லது இரண்டாண்டு மாஸ்டர்ஸ். அரசு மானிய இடம் கிடைத்தால் மருத்துவ உளவியல் பேண்ட் 1-ல் வருகிறது: இரண்டாண்டுக்கு 9,254 டாலர். முழுக் கட்டண இடமென்றால் ஓராண்டுக்கே 30,000-க்கு மேல் கேட்கும் இடங்கள் உண்டு. மானிய இடங்கள் எத்தனை என்பதைத்தான் விண்ணப்பிக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்க வேண்டும்.

இந்த இரண்டாண்டு மாஸ்டர்ஸில் 1,000 மணி நேரம் சம்பளமில்லாக் களப்பயிற்சி. 2025 ஜூலை நிலவரப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், அந்த நேரத்தைக் கடையில் நின்று கழித்திருந்தால்கூட 24,950 வந்திருக்கும். செவிலியர், ஆசிரியர், சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சி வாரங்களில் அரசு இப்போது 300 டாலருக்கு மேல் உதவித்தொகை தருகிறது, வருமான வரம்புக்கு உட்பட்டு. உளவியல் மாணவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நாடு முழுக்க உளவியலாளருக்காக மாதக்கணக்கில் மக்கள் காத்திருக்கும்போது இது பெரிய அநியாயம்.

படிப்பு முடிந்தபின் வரும் பக்கத்தையும் எழுதிவிடுவோம். 2025 ஜூலை நிலவரப்படி, 50 நிமிட அமர்வுக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திருப்பித் தருவது மருத்துவ உளவியலாளரிடம் சென்றால் 145.25 டாலர், பொது உளவியலாளரிடம் சென்றால் 98.95. அமர்வுக்கு 46.30 வித்தியாசம். மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸில் நெரிசல் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹானர்ஸ் கிடைக்காதவர்களும் உண்டு. வாங்கிய மூன்றாண்டுப் பட்டம் அதனால் வீணாகிவிடாது. நான்காம் ஆண்டுக்கு இணையாக ஏபாக் அங்கீகரித்த பட்டமேற்படிப்பு டிப்ளமோக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் முழுக் கட்டணத்தில். சமூகப்பணி மாஸ்டர்ஸ் இரண்டாண்டு. அதிலும் 1,000 மணி நேரக் களப்பயிற்சிதான், ஆனால் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு மனநலத் தகுதி பெற்றால் மெடிகேரின் கீழ் ஆலோசனை தரவும் வழியுண்டு. ஹானர்ஸ் விண்ணப்பம் போடும் அதே நேரத்தில் இந்த மாற்றுப் படிப்புகளுக்கான விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.